உறையின்றி ஒழுங்கு: பழைய கணினிகளிற் கோப்பு வகுத்த முறை

ஒரு பொருளை வைப்பது எளிது. வைத்ததை வேண்டியபோது எடுப்பது அரிது. பொருள் பெருகப் பெருக இவ்வருமையும் பெருகும். ஆதலின் மக்கள் தொன்றுதொட்டுப் பொருள்களை வகுத்து வைக்கும் நெறிகள் பலவற்றைக் கண்டனர். பலவாயினும் அவற்றை இரண்டினுள் அடக்கலாம். பொருளை ஓர் உறையுள் இட்டு, உறைக்குப் பெயர் எழுதி வைத்தல் ஒன்று. உறையை வேண்டாது, பொருளின்மேலேயே அதன் இனமும் இடமும் விளங்கக் குறியிட்டு வைத்தல் மற்றொன்று.

ஏட்டுச்சுவடியிடத்து இவ்விரு நெறிகளையும் ஒருங்கே காணலாம். ஏடுகளைச் சேர்த்து நிற்பது கயிறு. ஏட்டின் ஓரத்திற் பொறிக்கப்பட்டிருப்பது ஏட்டெண். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தாலும், எண் இருக்குமாயின் அவற்றை மீண்டும் முறைப்படக் கோத்துவிடலாம். எண் இல்லையேல், கயிறு அறுந்த அன்றே நூலின் ஒழுங்கும் அழிந்ததாகும். திருகோணமலையிற் பிறந்து, ‘மோகனாங்கி’ (1895) என்னும் வரலாற்று நாவலை இயற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னையிற் கீழைத்தேயச் சுவடி நிலையத்தின் நூலகராகப் பணிபுரிந்தவர். அவர் போன்று சுவடி காக்கும் தொழிலுடையார்க்குக் கயிற்றுக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு நன்கு தெரிந்திருக்கும்.

இக்காலத்திற் கணினி பயில்வோர் பெரும்பாலும் கயிற்று நெறியையே அறிவர். கடிதங்களுக்கு ஒரு கோப்புறை, அதனுள் ஆண்டுக்கோர் உட்கோப்புறை என அடுக்கடுக்காக வகுத்துக்கொள்கின்றனர். கணினி தோன்றிய நாளிலேயே கோப்புறையும் உடன்தோன்றிற்று என்று கருதுவாரும் உளர். அஃது உண்மையன்று. உறைக்குள் உறையாகக் கோப்புகளை அடுக்கும் முறை, மல்டிக்ஸ் என்னும் பெருங்கணினி முறைமைக்காக 1965இல் விரித்துரைக்கப்பட்டது. ஆயினும் 1970களின் பிற்பாதியிலும் 1980களின் முற்பாதியிலும் மேசைமேல் வைத்து இயக்கப்பட்ட சிறு கணினிகள் பலவற்றின் பணிசெயல் முறைமைகளிற் கோப்புறை என்பதே இருந்ததில்லை. அக்கணினிகளைக் கையாண்டோர் தம் கோப்புகளை எவ்வாறு ஒழுங்குசெய்தனர், அவ்வொழுங்கு நமக்கு உணர்த்துவது யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

அடைவு ஒன்றே

அம்முறைமைகளுட் சிறந்த எடுத்துக்காட்டு, கரி கில்டால் என்னும் அமெரிக்கர் 1974இல் ஆக்கிய சீ.பி./எம். என்பதாகும். அதன் மூல வடிவம் எட்டங்குல நெகிழ்வட்டிலே இயங்கிற்று. வட்டில் 77 தடங்கள். தடமொன்றில் 26 பகுதிகள். பகுதியொன்றில் 128 பைற்றுகள். ஆகமொத்தம் 2,56,256 பைற்றுகள். அவற்றுள் முதலிரு தடங்கள் முறைமைக்கே ஒதுக்கப்பட்டன. அடுத்து வருவது அடைவு. அடைவு என்பது வட்டிலுள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலாகும்.

அப்பட்டியலில் 64 வரிகள் இருந்தன. வரியொன்றின் நீளம் 32 பைற்றுகள். வரியின் தொடக்கத்தில் ஒரு பயனர் எண்ணும், அதன்பின் எட்டெழுத்துக்கு மேற்படாத பெயரும், மூன்றெழுத்துக்கு மேற்படாத பெயர் நீட்சியும், ஈற்றிற் கோப்பின் கூறுகள் வட்டில் எவ்வெவ்விடங்களில் உள்ளன என்னும் எண்களும் எழுதப்பட்டன. ஒரு வரி 16,384 பைற்று அளவே தாங்கும். கோப்பு அதனினும் பெரிதாயின் இரண்டாம் வரியொன்றும் வேண்டும். ஆதலின், வட்டில் இடம் எஞ்சியிருக்கவும் அடைவு நிரம்பிவிடுதல் உண்டு.

உட்கோப்புறை ஏன் வைக்கப்படவில்லை எனின், வேண்டாமையே காரணம் எனலாம். அக்கணினிகளின் நினைவகம் 65,536 பைற்றுகளுக்கு மேற்படாதது. முறைமையும், பயனரின் நிரலும், அவர் எழுதும் கட்டுரையும் அச்சிற்றிடத்துள்ளேயே அடங்கவேண்டும். அறுபத்து நான்கு பெயர்களை ஒருவர் கண்ணாற் பார்த்தே தெரிந்துகொள்வர். மேலும், அக்காலத்தில் வட்டே உறையாயிற்று. கடிதங்களுக்கு ஒரு வட்டு, கணக்குக்கு ஒரு வட்டு எனப் பிரித்து, மேலே தாளொட்டிப் பெயரெழுதிப் பெட்டியில் அடுக்கினர்.

1979இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், 0 முதல் 15 வரையான பயனர் எண்கள் இடம்பெற்றன. ஒரே வட்டைப் பலர் கையாளுங்கால் ஒருவர் கோப்பு மற்றவர் கண்ணிற் படாதிருத்தற்கு அவை வகுக்கப்பட்டன. சிலர் அவற்றையே அறைகளாகக் கொண்டு கோப்புகளைப் பிரித்து வைத்தனர். ஆயினும் அவ்வறைகளுக்கு எண்ணன்றிப் பெயரில்லை. ஐந்தாம் எண்ணில் வைத்ததை மறந்து சுழியாம் எண்ணில் நின்று தேடுவோர்க்கு அக்கோப்பு அகப்படுவதில்லை.

பெயரே உறையாதல்

இந்நிலையில் ஒழுங்கெல்லாம் பெயரிலே வந்து தங்கிற்று. பெயர் நீட்சி மூன்றெழுத்தும் கோப்பின் வகையைக் காட்டின. இது நிரல், இது கட்டுரை, இது முன்னைய படி என அறிவித்தன. பெயரின் எட்டெழுத்துகளோ பொருளைக் காட்டவேண்டியிருந்தது. எட்டெழுத்திற் சொல்லொன்றை எழுதினால் அது ஒன்றையே சொல்லும். அவ்வெட்டையும் எட்டு இடங்களாகக் கருதி, இடந்தோறும் ஒரு குறி அமைத்தால் அது பலவற்றைச் சொல்லும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பாடசாலையின் புள்ளிப் பட்டியல்களைக் கொள்க. முதலிடம் பாடம், அடுத்த இரண்டிடம் தரம், நான்காமிடம் தவணை, இறுதி இரண்டிடம் ஆண்டு என முடிவு செய்யப்படுகின்றது. அக்கணினிகள் ஆங்கில எழுத்துகளையே ஏற்றன. எனினும் விளக்கத்தின் பொருட்டு ஈண்டுத் தமிழெழுத்தையே வழங்குவோம். பத்தாந்தரத்துக் கணிதப் பாடத்தின் இரண்டாந்தவணைப் பட்டியல், 1983ஆம் ஆண்டுக்குரியதாயின், ‘க10283’ எனப் பெயர் பெறும்.

இனித் தேடும் முறையைக் காண்போம். வினாக்குறி எவ்வெழுத்துக்கும் பதிலாக நிற்கும் என்பது சீ.பி./எம். முறைமையின் விதி. ‘க?????’ எனக் கேட்பின் கணிதப் பட்டியல்கள் யாவும் வரும். ‘?10???’ எனக் கேட்பின் பத்தாந்தரத்துக்குரியன யாவும் வரும். ‘????83’ எனின் அவ்வாண்டுக்குரியன யாவும் வரும். ஒரு கோப்பு தன்னிடத்தை விட்டுப் பெயராமலே மூன்று தலைப்பின்கீழ்க் கிடைக்கின்றது. கோப்புறை முறையிலோ, பாடத்தை வெளியுறையாக்குவதா, தரத்தை வெளியுறையாக்குவதா என்று முதலிலேயே துணியவேண்டும். பாடத்தை வெளியே வைத்தவர் பத்தாந்தரத்துப் பட்டியல்களை ஒருசேரக் காணவேண்டின், ஒவ்வோர் உறையாகத் திறந்து பார்க்கவேண்டும்.

உடுக்குறியும் அம்முறைமையில் உண்டு. ஆயின் அது எழுதப்பட்ட இடத்திலிருந்து பெயரின் இறுதிவரை எல்லா எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும்; அதன் பின்னர் எழுதப்படும் எழுத்துகள் பயன்படா. எனவே குறிகள் தத்தமக்குரிய இடத்திலே நிற்றல் இன்றியமையாததாயிற்று. ஒன்பதாந்தரத்தை ‘9’ என ஓரிலக்கமாக எழுதாது, ‘09’ என எழுதவேண்டியதும் இதனாலேயே. சுழியை விட்டால் அதன்பின் வரும் குறிகள் யாவும் ஓரிடம் முன்னே நகர்ந்து, தேடலுக்கு அகப்படாது ஒழியும்.

அகநானூற்று எண்முறை

இவ்விட ஒழுங்கு தமிழர்க்குப் புதியதன்று. உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் தொகுத்த அகநானூறு இந்நெறியிலேயே அடுக்கப்பட்டுள்ளது. அதன்கண் ஒற்றைப்படை எண்ணுடைய பாடல்கள் யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்ணுடையன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். சுழியில் முடிவன நெய்தல். ஆகவே நானூறு பாடல்களுள் பாலை 200, குறிஞ்சி 80, ஏனை மூன்றும் நாற்பது நாற்பதாகும். 276ஆம் பாடல் எத்திணை என வினவினால், நூலைத் திறவாமலே மருதம் என விடையிறுக்கலாம்.

ஐங்குறுநூறோ இதனின் வேறாயது. அது திணைக்கு நூறாக ஐந்து பகுதியாய், நூறொன்று பத்துப் பத்தாய்ப் பிரிந்து நிற்கும். உறைக்குள் உறை வைக்கும் நெறி அதுவாகும். அகநானூற்றிற் களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக் கோவை என மூன்று பகுதிகள் உளவேனும் அவை திணை பற்றியன அல்ல. 120, 180, 100 எனப் பாடற்றொகையாற் பிரிந்தன. திணை முழுவதும் எண்ணின் கடையிலக்கத்திலேயே அடங்கிற்று.

அகநானூற்றுப் பாடல்களைத் தனித்தனிக் கோப்பாக்கி, ‘அகம்001’ முதல் ‘அகம்400’ வரை பெயரிட்டோமாயின், ஆங்கில எழுத்தில் நான்கும் இலக்கம் மூன்றுமாக ஏழிடமே செல்லும். ‘அகம்??4’ எனக் கேட்ட அளவில் முல்லைப் பாடல்கள் நாற்பதும் வரிசையாக நிற்கும். தொகுத்தோர் கணினியை அறியார். எனினும் கணினியில் அவ்வாறே பயன்படும் ஒழுங்கை வகுத்துவைத்தனர். ஆயினும் 64 வரிகளே உடைய வட்டில் நானூறு கோப்புகள் அடங்கா. பாடற்கோர் கோப்பாயின் ஏழு வட்டுகள் வேண்டப்படும்.

ஏனைய கணினிகள்

அப்பிள் நிறுவனத்தின் டொஸ் 3.3 (1980) முறைமையிலும் அடைவு ஒன்றே. அதில் 105 கோப்புகள் இடம்பெறும். பெயர் முப்பது எழுத்துவரை நீளலாம். கொமடோர் 1541 வட்டியக்கியில் 144 கோப்புகள். பெயருக்குப் பதினாறு எழுத்துகள். கொமடோர் கணினியைக் கையாண்டோர், சிறு கோடுகளையே பெயராக உடைய வெற்றுக் கோப்புகளைப் பட்டியலின் இடையிடையே இட்டு, இனங்களைப் பிரித்துக் காட்டினர். அவ்வெற்றுக் கோப்புகள் பட்டியலை வாசிப்பார் கண்ணுக்கு வரம்பாக நின்றன.

1984இல் வந்த மக்கின்டொஷ் கணினியிற் கோப்புறையின் உருவம் திரையிலே தோன்றிற்று. ஆயினும் வட்டில் உண்மையான உறை இல்லை. யாவும் ஒரே பட்டியலே. அதனால் வேறு வேறு கோப்புறையில் வைப்பினும் ஒரே பெயருடைய இரு கோப்புகளை ஒரு வட்டில் வைக்க இயலாதிருந்தது. 1985இல் புதிய கோப்பு முறை வந்த பின்னரே அவ்வுருவம் உண்மையாயிற்று.

ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகளிலோ பெயரையே நீட்டினர். எட்டெழுத்துக்கு மேற்படாத துண்டுகளைப் புள்ளியாற் பிரித்து, மொத்தம் 44 எழுத்துவரை எழுதும் முறை ஆங்கு அமைந்தது. அலுவலகம், பிரிவு, ஆண்டு, பொருள் என்பன ஒரே பெயரிற் புள்ளியிட்டுத் தொடர்ந்து நிற்கும். இம்முறை அவற்றின் வழிவந்த கணினிகளில் இன்றும் வழக்கில் உள்ளது.

சிறு கணினிகளிற் கோப்புறை நிலைபெற்றதற்குக் காரணம் வன்வட்டின் வருகையாகும். 1981இல் ஐ.பி.எம். தனியாள் கணினியுடன் வந்த டொஸ் முறைமையின் முதற்பதிப்பில், 160 கிலோபைற்று நெகிழ்வட்டும் 64 வரி அடைவுமே இருந்தன. 1983இல் வந்த எக்ஸ்.ரீ. கணினி பத்து மெகாபைற்று வன்வட்டைத் தாங்கி வந்தது. அஃது அறுபத்து நான்கு நெகிழ்வட்டுகளின் கொள்ளளவாகும். வட்டையே உறையாகக் கொண்ட பழைய வழக்கம் அங்கே செல்லாது. ஆதலின் அவ்வாண்டு வெளிவந்த டொஸ் இரண்டாம் பதிப்பில் உட்கோப்புறைகள் அமைக்கப்பட்டன.

குறிமுறையின் குறைகள்

பெயரிற் குறி அமைக்கும் நெறிக்குக் குறைகளும் உள. முதலாவது, குறியின் பொருளை அறிந்தவர் மறைந்தால் குறியும் ஊமையாகும். ‘க’ என்பது கணிதமோ, கலையோ? திறவுகோல் இல்லாத குறி, பூட்டிய பெட்டி போல்வது. இதனை உணர்ந்தோர் ஒவ்வொரு வட்டிலும் குறிவிளக்கக் கோப்பொன்றை வைத்தனர். வட்டின் பெயரையும் எண்ணையும் தன் பெயராகக் கொண்ட வெற்றுக் கோப்பொன்றையும் சிலர் உடன்வைத்தனர். மேலே ஒட்டிய தாள் உதிர்ந்தாலும் வட்டு தன் பெயரைத் தானே சொல்லிற்று.

இரண்டாவது குறை, வளர்ச்சி பற்றியது. அகநானூறு முற்றுப்பெற்ற தொகை. ஆதலின் எண்ணிலே திணையை வைத்தல் இயன்றது. நான்காம் பாடலுக்குப் பின் புதிய பாடலொன்றைச் செருகின், அதன்பின் வரும் பாடல்கள் அனைத்தும் திணை மாறிப்போம். ஆகவே வளரும் தொகுதிக்கு இனங்காட்டும் எண் உதவாது. என்றும் மாறாத தொடரெண்ணே வேண்டும். இனத்தை வேறு பட்டியலில் எழுதிக்கொள்ளல் தகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடையும் கப்பல்களை நோக்குவார்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். கப்பலின் பெயர் மாறலாம், உடைமையாளர் மாறலாம், கொடியும் மாறலாம். அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 1987இல் வகுத்து, 1996 முதற் கட்டாயமாக்கிய ஏழிலக்க எண் மட்டும் கப்பல் உடைக்கப்படும்வரை மாறாது. அவ்வெண் கப்பலின் இனத்தைச் சொல்வதில்லை. இன்ன கப்பல் என்பதை மாத்திரம் ஐயமறச் சொல்லும். இனமும் ஏனைய செய்திகளும் பதிவேட்டில் இருக்கும்.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலும் இந்நெறியே காணப்படும். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் முதலிய பகுப்புகள் வேறாக நிற்ப, ஒரு நூல் பல பகுப்பின்கீழ் ஒருங்கே கிடைக்கின்றது. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களுக்கு நான்கிலக்கத் தொடரெண் இட்டே பெயர் வழங்கி வருகின்றது. அவ்வெண் சுழிகளால் நிரப்பப்பட்டிருத்தலின், பத்தாவது நூல் இரண்டாவதன் முன்னே சென்று நிற்பதில்லை.

ஒரு நூலுக்கு ஓரிடமே என்னும் கட்டுப்பாட்டை நூலகத்துறையில் முற்படத் தளர்த்தியவர்களுள் தலைசிறந்தவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித விரிவுரையாளராயிருந்து, 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய அவர், 1933இற் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். பொருளின் பல்வேறு முகங்களையும் தனித்தனிக் குறியாக்கி, அவற்றை நிறுத்தக்குறிகளால் இணைப்பதே அம்முறையின் உயிர்நிலை. பெருங்கணினியிற் புள்ளியிட்டு எழுதிய நெடும்பெயருக்கும் அதற்கும் உள்ள ஒப்புமை கருதத்தக்கது.

இக்காலத்துக்குப் பயன்

பழைய முறை வழக்கொழிந்தது என்று கொள்ளல் பிழையாகும். அமேசன் நிறுவனம் 2006இல் தொடங்கிய எஸ்3 என்னும் பெருங்களஞ்சியத்திற் கோப்புறை அடுக்கு இல்லை. பெயரின் இடையிடையே எழுதும் சாய்கோடுகளே கோப்புறை போலத் தோற்றுகின்றன. ஓரலகு கோப்பையும் ஒரு நெடும்பெயரையுமே அது அறியும். சீ.பி./எம். காலத்து நெறி பேரளவில் மீண்டும் வந்தமை இதனாற் புலனாகும்.

அன்றியும், கோப்புறையில் வைக்கப்பட்ட கோப்பும் என்றும் அவ்வுறையிலேயே இருப்பதன்று. மின்னஞ்சலில் அனுப்புங்கால், கைபேசிவழிப் பகிருங்கால், கோப்பு தனித்தே செல்கின்றது, உறை பின்தங்கிவிடுகின்றது. ‘பாடசாலை – ஆண்டு விழா – 2015’ என்னும் உறையினுள் ‘படம்3’ என்று கிடந்த கோப்பு, வேறொருவர் கைக்குச் சென்றதும் யாருடைய எப்படம் என்று அறியப்படாத ஒன்றாகிவிடும். பழைய நெகிழ்வட்டொன்றை இன்று எவரேனும் வாசித்து மீட்பாராயின், அவர்க்கு முதற்கண் கிடைப்பதும் அப்பெயர்ப்பட்டியலே. பெயர்கள் பொருளுடையனவாயின், வட்டின் உடையவர் இல்லாதபோதும் அவர்தம் உழைப்பு விளங்கும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதையும், 2004 டிசெம்பர் 26இற் கடல் பொங்கிக் கிழக்குக் கரையை அழித்ததையும் கண்டது இந்நாடு. மூலம் அழிந்தவிடத்து எங்கோ ஒருவர் கையில் எஞ்சும் படியே ஆதாரமாகும். அப்படி தன்னை யாரென்று சொல்லும் ஆற்றலுடையதாயிருத்தல் வேண்டும்.

ஆதலின் ஆசிரியரும் மாணவரும் கடைப்பிடிக்கத்தக்கன சில உள. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்னும் முறையில் திகதியை எழுதுக. அவ்வாறு எழுதின் அகரவரிசையே காலவரிசையும் ஆகும். எண்களைச் சுழியிட்டு ஒரே அளவாக்குக. குறிகள் சிலவேயாக, இடம் மாறாதனவாக இருக்கட்டும். வளரும் தொகுதிக்குத் தொடரெண் இடுக. குறிவிளக்கத்தைத் தொகுதியுடனேயே வைக்க. இவற்றோடு கோப்புறைகளையும் அமைத்துக்கொள்வதில் தடையில்லை. ஆனால் முதலில் ஏட்டெண்ணை எழுதி, அதன்பின்னரே கயிற்றைக் கோத்தல் வேண்டும்.